கல்லாப் போ

29 ஜனவரி, திங்கள்

காலையில் பனி. பால் வந்துவிட்டது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டேன். கண்ணுக்குச் சொட்டு மருந்தும் ஆயிற்று.

நாட்குறிப்பு வாங்கி ஒரு மாதமாகிறது, இன்றுதான் திறக்கிறேன். அரசு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடுத்தவர் எழுதியதைத் திருத்தத்தான் எனக்கு வரும். சொந்தமாக எழுத என்ன இருக்கிறது என்ற தயக்கம்.

இன்று எழுத ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. பேத்தி ஆதிரையை மதிய நேரத்தில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. எட்டு மாதக் குழந்தை. மருமகள் பெனிட்டா மார்ச் முதல் தேதி பள்ளிக்கூட வேலைக்குத் திரும்புகிறாள். அதற்குள் குழந்தை என்னிடம் பழகிவிட வேண்டும் என்பது மகன் இளம்பரிதியின் யோசனை. மனைவி கற்பகம் போனபிறகு இந்த வீட்டில் நான் எதற்கு இருக்கிறேன் என்று யோசிப்பதுண்டு. இப்போது ஒரு வேலை இருக்கிறது.

பெனிட்டா ஒரு மணி நேரம் ஆட்டியும் தூங்காத குழந்தை என்னிடம் உடனே அடங்கிவிட்டாள். எங்கள் வீட்டு வழக்கப்படிதான் செய்தேன். மடியில் கிடத்தி, வாயை உள்ளங்கையால் பொத்தி, காதருகில் "கல்லாப் போ, கல்லாப் போ" என்று மெல்லச் சொன்னேன். என் அம்மா என்னைத் தூங்க வைத்தது இப்படித்தான். இளம்பரிதியை நான் தூங்க வைத்ததும் இப்படித்தான்.

(மேலே "பொத்தி" என்று எழுதியதை அடித்துவிட்டேன். "வாய்மேல் உள்ளங்கையை வைத்து" என்பதே சரி. கை லேசாகத்தான் இருந்தது. மூக்கு நன்றாகத் திறந்திருந்தது.)

30 ஜனவரி, செவ்வாய்

மதியம் அழைப்பு மணி. கதவிலுள்ள துளை வழியாகப் பார்த்தேன். அடுக்ககக் காவலாளி தணிகாசலம். நீலச் சீருடை, தோளில் விசில் கயிறு. பெனிட்டா குளித்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி மறுபடி அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன்.

ஏன் திறக்கவில்லை என்று பெனிட்டா கேட்டாள். நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன் என்றேன். கையில் நாளிதழ் இருந்தது உண்மைதான்.

1 பிப்ரவரி, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

மதியம் ஆதிரையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். பெனிட்டா துவைத்த துணிகளோடு மாடியிலிருந்து வந்தாள். வாசலிலேயே துணிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"மாமா! என்ன செய்யுதீங்க? கைய எடுங்க!"

"தூங்க வைக்கிறேம்மா."

"இவ எங்க தூங்குதா? கண்ணப் பாருங்க மாமா, கண்ணப் பாருங்க!"

பார்த்தேன். ஆதிரையின் கண்கள் அகலத் திறந்திருந்தன. இமைக்கவில்லை. கையை எடுத்த பிறகும் அசையாமல் கிடந்தாள். பெனிட்டா அவளைத் தூக்கி முதுகைத் தட்டியதும் நீளமாக ஒரு மூச்சை இழுத்தாள். அழவில்லை. பெனிட்டாதான் அழுதாள்.

எங்கள் பக்கத்தில் இப்படித்தான் வழக்கம் என்று சொல்ல நினைத்தேன். கண் திறந்தபடியே தூங்கும் பிள்ளைகள் உண்டு. நானே அப்படித்தான் தூங்குவேன் என்று கற்பகம் சொல்வாள்.

மாலையில் இளம்பரிதி வந்தான். பெனிட்டா சொல்லச் சொல்லத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, நீங்க வேணும்னு செய்யலன்னு எங்களுக்குத் தெரியும், ஆனா" என்று தொடங்கினான். அப்போது கீழே சாலையில் போலீஸ் வண்டி ஒன்று சைரன் ஒலிக்கப் போயிற்று. அவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். சத்தம் தேய்ந்து மறையும்வரை நானும் அவனும் அசையவில்லை. பெனிட்டா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய வீடு. சத்தம் அதிகம்தான்.

3 பிப்ரவரி, சனி

கீரைக்காரி வரவில்லை. வெண்டைக்காய் நறுக்கிக் கொடுத்தேன்.

அகராதிகளை எடுத்துப் பார்த்தேன். "கல்" என்ற சொல்லுக்குக் கீழ் எவ்வளவோ பொருள்கள். கல்லாதல் என்றால் மனம் இறுகுதல். உறங்குதல் என்ற பொருள் எந்த அகராதியிலும் இல்லை. அகராதி தொகுத்தவர்கள் எங்கள் குடிசைக்கு வந்து கேட்டிருக்க மாட்டார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். நாங்கள் இருளர். எங்கள் பேச்சில் அச்சேறாத சொற்கள் நிறைய உண்டு.

சிறுவயதில் அரசு விடுதியில் சேர்ந்த முதல் நாள் காப்பாளரிடம், "சார், நான் கல்லாப் போகட்டுமா?" என்று கேட்டேன். எல்லாப் பையன்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பள்ளி முடியும்வரை எனக்குக் "கல்லு" என்றுதான் பெயர். ஏகாம்பரம் என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயருக்கு நான் பொருத்தமாகவும் இருந்தேன் போலும். நன்னடத்தைச் சான்றிதழில் "மிகவும் அமைதியானவன்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பாராட்டு என்றே இத்தனை வருடமும் நினைத்து வந்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். பழகிய கை தவறு செய்யுமா? மெய்ப்புத் திருத்துகிறபோது பழகிய சொல்லில்தான் கண் ஏமாறும். அது எனக்குத் தெரியும்.

5 பிப்ரவரி, திங்கள்

பெனிட்டா என்மேல் கோபப்படுவதில்லை. தட்டில் சூடாக இட்லி வைக்கிறாள், மாத்திரையை நினைவூட்டுகிறாள். ஆதிரையை மட்டும் என்னிடம் விடுவதில்லை. குளிக்கப் போனால் குளியலறை வாசலில் பாய் விரித்துக் குழந்தையைக் கிடத்துகிறாள்.

இரவு உணவின்போது இளம்பரிதி சொன்னான். மார்ச்சிலிருந்து ஆதிரை குழந்தைகள் காப்பகத்துக்குப் போவாள். "நீங்க கொஞ்ச நாள் கூடுவாஞ்சேரி வீட்டுல ஓய்வா இருங்கப்பா." பழைய வீடு பூட்டித்தான் கிடக்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன். எதற்கும் சரி என்று சொல்லியே பழக்கம்.

படுத்தபிறகு யோசித்தேன். இது எங்கள் ஜனத்தின் வழக்கம், தீங்கு ஒன்றும் இல்லை என்று யாராவது சாட்சி சொன்னால் பெனிட்டா கேட்பாள். நியாயமான பெண். மார்ச் முதல் தேதிவரை அவகாசம் இருக்கிறது.

7 பிப்ரவரி, புதன்

திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் மைத்துனன் காசிநாதனைத் தொலைபேசியில் பிடித்தேன். கற்பகத்தின் தம்பி. விறகு மண்டியில் இருந்தான்.

"காசி, நம்ம வழக்கத்துல குழந்தையத் தூங்க வைக்கிறப்போ வாய்மேல கை வைப்போம் இல்லையா?"

"இன்னாது?"

"கை வச்சு, கல்லாப் போன்னு சொல்லுவோமே."

"யாரு சொல்லுவா? எங்க ஊட்டுல ஏணைய ஆட்டிகினு எங்கம்மா பாடற பாட்டுல தெருவே முழிச்சிக்கும் மாமா. கைய எதுக்கு வாய்மேல வைக்கறது, புள்ள இன்னா திருட்டு ரயிலா ஏறிச்சு?"

சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ஆனா நீ வைப்ப மாமா. பரிதி சின்னப் புள்ளையா இருக்கசொல்ல அக்கா உன் கையத் தட்டித் தட்டி விடும். ஞாபகம் இல்லியா உனுக்கு?" என்றான்.

எனக்கு ஞாபகம் இல்லை. அவள் கொசு அடிக்கிறாள் என்று நினைத்திருப்பேன்.

"இது உங்கம்மா ஊரு சங்கதியா இருக்கும். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் வா. உன் சின்னம்மா பூங்காவனம் வருசா வருசம் வருது. அதுங்கிட்ட கேளு."

அம்மாவுக்கு ஓர் ஊர் இருந்தது என்பதே எனக்கு விசித்திரமாக இருந்தது. நான் கண்டதெல்லாம் மதுராந்தகத்து அரிசி ஆலைக் கொட்டகைதான். உன் ஊர் எது என்று கேட்டால், "எங்க ஊரு ஏரியோட போச்சு" என்பாள். வெள்ளத்தில் போயிற்று என்று புரிந்துகொண்டிருந்தேன்.

11 பிப்ரவரி, ஞாயிறு

இளம்பரிதியும் நானும் பால்கனியில் துணி மடித்தோம். அவனாகவே பேசினான்.

"அப்பா, நான் இப்பவும் வாய்மேல தலகாணி இல்லாம தூங்க மாட்டேன். பெனிட்டாவுக்குத் தெரியும். காலேஜ் ஹாஸ்டல்ல பசங்க ஓட்டுவாங்க."

"அது குளிருக்குப்பா."

"மே மாசத்துல என்னப்பா குளிரு?"

அவன் சட்டையை நான் இரண்டு முறை மடித்தேன். மூச்சு முட்டுகிற கனவு வரும் என்றான். கனவில் யாரும் துரத்துவதில்லையாம். இருட்டில் உட்கார்ந்திருப்பானாம், வாய் திறந்தால் ஏதோ ஆகிவிடுமாம். என்ன ஆகும் என்று மட்டும் தெரியாதாம்.

அதே கனவு எனக்கும் வரும். அதை அவனிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு எப்படி அவனுக்கு வந்தது? ஒருவேளை சொல்லியிருப்பேனா?

18 பிப்ரவரி, ஞாயிறு

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். வேறொன்றும் இல்லை.

24 பிப்ரவரி, சனி. மாமல்லபுரம்

கடற்கரையில், காசியின் கொட்டகைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். பழைய சேலைகளை மூங்கிலில் கட்டிய கொட்டகை. எங்கு பார்த்தாலும் இதே போலத்தான். எங்கள் ஜனம் இத்தனை பேரா என்று திகைப்பாக இருக்கிறது. மணலில் ஏழு படி வைத்துப் பூவும் பழமும் போட்டுக் கன்னிமாருக்குப் படைக்கிறார்கள். பெண் பார்க்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், நண்டு சுடுகிறார்கள். நான் சட்டையைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு, தோல்பையோடு நடுவில் நின்றேன். பையன் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு, "சென்சஸ் எடுக்க வந்துகிறாங்கோ" என்று உள்ளே குரல் கொடுத்தான்.

பக்கத்துக் கொட்டகையில் ஓர் இளம்பெண் ஏணையை ஆட்டியபடி தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள். குழந்தையும் அவளுக்குச் சரியாக அலறிக்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஜனத்தில் தாலாட்டே கிடையாது என்று காசி சொல்லும்வரை நம்பியிருந்தேன்.

காசி என்னைச் சின்னம்மாவிடம் அழைத்துப் போனான். எண்பதைத் தாண்டியிருப்பார். வெற்றிலையை இடித்துக்கொண்டிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யார்ரா இவன், போலீஸ் கச்சேரி ஆளாட்டம் பை வச்சிகினு? நான் ஒண்ணும் திருடல சாமி."

"உங்க அக்கா பச்சையம்மா மவன், ஆயா" என்றான் காசி.

"பச்ச மவனா?" உலக்கையைக் கீழே வைத்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். "கல்லு! நீயாடா கல்லு?"

விடுதிப் பையன்கள் வைத்த பெயர் இவருக்கு எப்படித் தெரியும்? குழம்பிப்போய் உட்கார்ந்தேன். கேட்க வேண்டியதை வரிசையாக மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன். எல்லாம் போயிற்று. நேராகக் கேட்டேன்.

"சின்னம்மா, கல்லாப் போன்னா தூங்குன்னுதானே அர்த்தம்?"

"தூங்கவா? தூங்கறதுக்கு ஒறங்குன்னு சொல்லுவோம், எல்லா ஜனமும் சொல்றாப்பல. கல்லாப் போன்னா ஒளியறதுடா. எத்தினி படிச்சிகிற நீ? இது தெரியாதா?"

பிறகு அவர் சொன்னது இது. அம்மாவின் ஊர் தாழையேரி. ஏரிக்கரையில் பத்துப் பன்னிரண்டு குடிசைகள். அக்கம்பக்கத்தில் எது களவு போனாலும் போலீஸ் அங்கேதான் வரும். ஆண்களைக் கட்டி இழுத்துப் போவார்கள், அகப்பட்டால் பெண்களையும். வண்டிச் சத்தம் கேட்டால் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தாழம்புதருக்குள் புகுந்துவிடுவார்கள்.

"பொதர்ல பூந்ததும் சொல்லுவோம், கல்லாப் போங்கடா, கல்லாப் போங்கடின்னு. கல்லு பேசுமா? கல்லு அழுவுமா? கல்லுக்குப் பசிக்குமா? வெளையாட்டாட்டம் சொல்லிக் குடுத்துடுவோம். உன்னப்போல கல்லானவன் ஒருத்தன் கெடையாதுடா. மூணு வயசு. கட்டெறும்பு உன் தொடைய புடுங்குது, நான் பக்கத்துல குந்திகினு பாக்கறேன், நீ இமைய ஆட்டல. அதான் உனுக்கு அந்தப் பேரு."

தாழையேரி வெள்ளத்தில் போனதா என்று கேட்டேன். சிரித்தார்.

"வெள்ளமா? பண்ணக்காரரு மாடு காணாம போச்சு. நாங்கதான் தின்னுட்டோம்னாங்க. மூணு நாளு சுத்தி நின்னாங்க. குடிசைய கொளுத்துனாங்க. உங்கப்பன் திரும்பி வரசொல்ல அவன் வலக்கை அவன் பேச்ச கேக்கல. மாடு இன்னா பண்ணிச்சு தெரியுமா? நாலாம் நாளு தானா வந்து தொழுவத்துல நின்னுச்சாம். அது மேல கேசு போட முடியுமா?"

கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள். காசி சிரித்தான். நானும் சிரித்தேன் என்றே நினைக்கிறேன்.

"அந்த மூணு நாளும் நீ கல்லு. சின்னதுக்கு இன்னா தெரியும், அது பாலுக்கு வாயத் தொறந்துச்சு" என்றார்.

"எந்தச் சின்னது, சின்னம்மா?"

அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. காசியைப் பார்த்தார். அவன் வெளியே போனான்.

"உங்கம்மா கை பெருசுடா" என்றார். "நாத்து புடுங்கற கை."

கையின் அளவை எதற்குச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. அதன்பிறகு சொன்னதை நாளை எழுதுகிறேன். வெளிச்சம் போதவில்லை.

25 பிப்ரவரி, ஞாயிறு

விடியற்காலைப் பூசை பார்த்துவிட்டுத் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகப் பேருந்தில் திரும்பினேன். கூட்டம். செங்கல்பட்டில்தான் உட்கார இடம் கிடைத்தது. காசி ஒரு பை பனங்கிழங்கு கொடுத்தான். கிழங்கைக் கழுவி, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, நார் எடுத்தேன். செருப்பிலிருந்த மணலைத் தட்டினேன். பெனிட்டா, "போன காரியம் ஆச்சா மாமா?" என்று கேட்டாள். கிழங்கு நன்றாக வெந்திருக்கிறது என்றேன்.

26 பிப்ரவரி, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நான் சரியாகக் கேட்டேனா என்ற சந்தேகம் வந்துவிடும்.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். இரண்டாம் நாள் போலீஸ்காரர்கள் புதருக்கு அருகிலேயே வந்து பீடி பற்ற வைத்தார்களாம். பேசுவது கேட்டதாம். அம்மா கையால் அவள் வாயை மூடினாள். அவர்கள் போக வெகுநேரம் ஆயிற்று. அதன்பிறகும் அம்மா கையை எடுக்கவில்லை. சாயங்காலம் சின்னம்மா குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டு மெதுவாகச் சொன்னாளாம்:

"எழுப்பாதடி. இப்பத்தான் கல்லாப் போச்சு."

சின்னம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அக்கா உண்மையிலேயே அப்படி நினைத்தாளா, எல்லாம் தெரிந்துதான் சொன்னாளா, இன்றுவரை தனக்கு விளங்கவில்லை என்றார். எனக்கும் விளங்கவில்லை. ஆனால் அதன்பிறகு அம்மாவுக்குத் தூக்கம் என்பதற்கு வேறு சொல் இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு இரவும் என் வாய்மேல் அந்தக் கை இருந்தது. அந்தக் கைதான் எனக்கு அன்பு. இப்போதும் அன்புதான். அதைத்தான் என்னால் சரிசெய்ய முடியவில்லை. எந்த இடத்தில் அது பிழையானது? அம்மாவிடமா, என்னிடமா? நான் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன். எனக்கு நினைவில் ஒன்றுமே இல்லை. கல்லுக்கு நினைவிருக்காது என்று சொல்லலாம். என் கைக்கு மட்டும் எப்படி நினைவிருக்கிறது?

ஒரு திருத்தம். 29 ஜனவரி பதிவில் "பொத்தி" என்பதை அடித்து "வைத்து" என்று மாற்றியிருந்தேன். மாற்றியது தவறு. அச்சகத்தில், தவறாக அடித்த சொல்லின் கீழே புள்ளிகள் இட்டு, ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதுவோம். அப்படியே செய்துவிட்டேன். "பொத்தி" இருக்கட்டும்.

28 பிப்ரவரி, புதன்

பெனிட்டாவிடம் சொன்னேன்.

முதலில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். எழுதினேன், ஒற்றுப்பிழை பார்த்தேன், கிழித்தேன். அவள் அடுக்களையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். ஆதிரை அவள் இடுப்பில்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாம்மா" என்று தொடங்கினேன். வரிசையாகச் சொல்ல வரவில்லை. மாட்டை முதலில் சொல்லிவிட்டேன், தாழம்புதரைக் கடைசியில் சொன்னேன். நடுவில் இரண்டு முறை, "நான் சொல்றது சரியா இருக்கா?" என்று கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். எப்போது வந்தான் என்று தெரியவில்லை, இளம்பரிதி வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தான்.

"அந்தப் பிள்ளைக்குப் பேரு என்ன மாமா?"

"பேர் வைக்கலையாம்."

பெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அப்பனும் மவனுமா ரெண்டு பேரும் இவ்வளவு நாளும் மூச்ச அடக்கிக்கிட்டே இருந்திருக்கீங்க" என்றாள். ஏசுகிற மாதிரிதான் இருந்தது குரல். நான் எழுந்தேன்.

"கூடுவாஞ்சேரிக்கு ஞாயித்துக்கிழமை புறப்படுறேம்மா. அதான் நல்லது. இந்தக் கையை நானே நம்ப மாட்டேன்."

"யாரு உங்கள இப்ப போகச் சொன்னா? உக்காருங்க மாமா." ஆதிரையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை நான் ஸ்கூல்ல கையெழுத்துப் போட்டுட்டு மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். இவுங்க உள்ரூம்ல வேலை பாத்துட்டு இருப்பாங்க. நீங்க ஹால்ல பிள்ளைய வச்சுக்கோங்க. தூங்க வைக்க வேண்டாம். சும்மா வச்சுக்கிட்டா போதும்."

"அழுதா?"

"அழட்டும்."

"ரொம்ப அழுதா?"

"ரொம்ப அழட்டும் மாமா. பிள்ளைன்னா அழாதா?"

1 மார்ச், வெள்ளி

கீழ் ஈறில் இரண்டு பல் முளைத்திருக்கிறது. அந்த எரிச்சலில் ஆதிரை காலையிலிருந்தே சிணுங்கினாள். பெனிட்டா கிளம்பியதும் சிணுங்கல் அழுகையாயிற்று.

தரையில் பாய் விரித்து அவளை எதிரே உட்கார வைத்தேன். என் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டக்கூடக் கையை எடுக்கப் பயம். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் தரையில் கிடந்த செய்தித்தாளின் தலைப்புகளை வாசித்துக் காட்டினேன். அவள் கேட்கவில்லை. ஒன்பது மாதக் குழந்தைக்கு இவ்வளவு குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதற்கு முன் நான் இதை எழ விட்டதில்லை.

அப்போது அழைப்பு மணி அடித்தது.

"சார்! கீழ டேங்க் கழுவறாங்கோ, மோட்டார் நிறுத்தணும்! சார்!" தணிகாசலத்தின் குரல். கதவை வேறு தட்டினார்.

மூச்சு நின்றுவிட்டது. வெளியே சீருடை, உள்ளே அழுகிற குழந்தை. என் வலக்கை தானாகத் தொடைக்குக் கீழிருந்து வெளியே வந்தது. அதை நான் எடுக்கவில்லை. அது எழும்புவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெரிய கை. அம்மாவுடையது போலவே. யார் வாயை நோக்கிப் போகிறது என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே ஒரு குரல் "கல்லாப் போ" என்றது. கை வந்து என் வாய்மேல் அமர்ந்தது. இறுக்கமாகப் பொத்திக்கொண்டது.

ஆதிரை அழுகையை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். தவழ்ந்து வந்து என் மடியில் ஏறி, என் கையைப் பிடித்து இழுத்தாள். சிறு கைதான், ஆனால் விடாத இழுப்பு. என் ஆட்காட்டி விரலை மட்டும் பிரித்து எடுத்தாள். அதைத் தன் வாய்க்குள் வைத்து, புதுப் பல் இரண்டாலும் அழுந்தக் கடித்தாள்.

"ஆ!" என்று கத்தினேன்.

கத்தினேன் என்பது சரியான சொல்தான். இருமுறை பார்த்துவிட்டேன். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. உள் அறையில் இளம்பரிதியின் நாற்காலி சாயும் சத்தம் கேட்டது. ஆதிரை ஒரு கணம் திகைத்து, பிறகு வாயெல்லாம் எச்சில் வழியச் சிரித்தாள். மறுபடி விரலைத் தேடினாள்.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தேன். தணிகாசலம் பதறிப்போய் நின்றிருந்தார். கிட்டத்தில் பார்த்தால் அவரும் என்னைப் போல வயதானவர்தான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

"இன்னா சார் ஆச்சு? உள்ள யாரு அப்படிக் கத்தனது?"

"நான்தான்" என்றேன்.